பிளவு தேடிப் போன இடத்தில் ஒரு கல்யாணம்

பூமிக்குள் பாறை எங்கே பிளந்து தண்ணீர் தேக்கியிருக்கிறது என்று மேலே நின்றபடி சொல்வதுதான் என் உத்தியோகம். சொன்னது தப்பென்றால் பாறை அகப்படாது, மேலே நிற்கிற நான்தான் அகப்படுவேன். மீட்டர் பெட்டியைச் சுமந்து வெயிலில் அலைந்த சகோதரர்களே, உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. எண்பதுகளில் சித்தூர் மாவட்டமே காய்ந்து கிடந்த ஒரு கோடையில், நகரி பக்கம் முனிரத்தினம் என்பவர் வீட்டுக்குப் போனேன். கிணறு வற்றிவிட்டது. மகனுக்கு நாராயணவனத்தில் பெண் நிச்சயம் செய்திருந்தார். தண்ணீர் வந்தால்தான் தாலி என்று பெண்ணின் அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்.

ஒரு குடம் தண்ணீர்

நான்கு இரும்புக் கம்பிகளை நட்டு, தரைக்குள் கரண்ட் விட்டு மீட்டரைப் பார்ப்போம். பாறை உடைந்து ஈரம் இருக்கும் இடத்தில் கரண்ட் சுலபமாக ஓடும். ஆனால் மண் காய்ந்திருந்தால் மீட்டர் ஒன்றும் காட்டாது. கம்பியடியில் உப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு குடம் கேட்டேன். முனிரத்தினத்தின் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தண்ணி கண்டுபுடிக்க வந்துட்டு எங்ககிட்டயே தண்ணி கேக்கறீங்களே சார், இருந்தா உங்கள எதுக்குக் கூப்புடறோம்?"

முள் காட்டிய இடம்

முருங்கை மரத்தடியில் மீட்டர் முள் அருமையாக இறங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இங்கேதான் என்று சுண்ணாம்பால் வட்டம் போட்டேன். வீட்டார் கற்பூரமே ஏற்றிவிட்டார்கள். முனிரத்தினம் மட்டும் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

"சார், அங்கதான் சார் எங்க வூட்ல தெனம் பாத்திரம் கழுவிக்கினு இருக்கறாங்க."

புது அறை

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, கம்பிகளை இன்னும் தள்ளித் தள்ளி நட்டு ஆழமாகப் பார்த்தேன். இந்த முறை பிளவு நிஜமாகவே கிடைத்தது. அண்டை வீட்டுக் கொல்லையில் தொடங்கி எதிர்ப்பக்கம் ரோட்டில் ஏறியது. நடுவில் முனிரத்தினத்துக்குச் சொந்தமாக அதன்மேல் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: புதுத் தம்பதிக்கென்று அப்போதுதான் கட்டி வெள்ளையடித்த அறை.

அறையைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். முனிரத்தினம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என்ன ஆயிற்று என்று பார்க்க அன்று காலை பஸ்ஸில் வந்திருந்த சம்பந்தி, அறைக்குள் எட்டிப் பார்த்தார். சுவரை ஒரு தட்டு தட்டினார்.

"இடிச்சுடுங்க. ரூம் இல்லன்னா பசங்க வெளிய படுத்துக்குவாங்க; தண்ணி இல்லன்னா எம் பொண்ணு எட்டே நாள்ல பஸ் ஏறி வந்துடும்."

இடித்தார்கள், போர் போட்டார்கள், தண்ணீரும் வந்தது; கல்யாணத்தில் என்னை முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள், மணமக்கள் எங்கே படுத்தார்கள் என்று மட்டும் நான் விசாரிக்கவில்லை.