அலுமாரிக்குப் பின்னால் ஒரு டொங்கிள்

உப மின்நிலையங்களின் கணினிகளுக்குள் களவாக நுழைய முடியுமா என்று சோதிப்பது என் வேலை. கள்ளனைப் போல யோசிப்பதற்குச் சம்பளம் கிடைக்கிறது, எனக்கு அது பிடித்தும் இருக்கிறது. வாவிக்கரையிலிருந்த அந்த நிலையத்துக்கு ஒரே ஓர் அண்ணன்தான் பொறுப்பு. "எங்கட கொம்பியூட்டருக்கு இன்டர்நெட்டே இல்ல, மிஸ்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

மறுநாள் செங்கலடிச் சந்தியில் ஒரு தேநீர்க்கடையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். இணையத்தில் தேடத் தேட அந்த நிலையத்தின் கணினிக்குள் போக ஒரு வாசல் அகப்பட்டது. கடவுச்சொல்லாக என்னென்னவோ போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் நிலையத்தின் வாயிற்கதவில் எழுதியிருந்த தொலைபேசி இலக்கத்தைப் போட்டேன். திறந்துகொண்டது. கிரான் பக்கம் போகும் மின்சாரத்தை நிறுத்தும் பொத்தான் என் விரலுக்குக் கீழே இருந்தது. முதலில் குதூகலம், பிறகு நல்ல பயம். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

திரும்பிப் போய்த் தேடியதில் அலுமாரிக்குப் பின்னால் ஒரு டொங்கிள், சிம் போட்ட இணையக் குச்சி, கணினியோடு செருகியிருந்தது. அண்ணன் மறைக்கவில்லை.

"நான்தான் வெச்சன். ஒரு மாரியில கிரான் வயல்வட்டைக்குள்ள கம்பி அறுந்து விழுந்திட்டு. கரண்ட் நிக்கல்ல. தண்ணிக்குள்ளால சனம் நடந்து வருது. நான் வீட்டில, றோட்டெல்லாம் வெள்ளம். தோணி புடிச்சி வந்து நிப்பாட்டுறதுக்குள்ள ரெண்டு மாடு செத்திட்டு. மறுகாதான் வீட்டில இருந்தே நிப்பாட்ட இத வெச்சன்."

"இதால நானும் நிப்பாட்டலாமே அண்ணன். ஆரும் நிப்பாட்டலாம்."

அவர் அலுமாரியைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துவிட்டார். "அப்ப கழட்டுங்க. ஆனா மழைக்கு இஞ்ச ஆள் வைக்கச் சொல்லியும் எழுதுங்க."

இரண்டையும் மேலிடத்துக்கு எழுதினேன். டொங்கிளை அன்றைக்கே கழற்றினார்கள். ஆள் வைப்பது பற்றி யோசிக்கிறோம் என்றார்கள்.

இப்போது மாரி தொடங்கி மூன்றாம் நாள். காலையில் மனம் கேட்காமல் அவருக்கு அழைப்பெடுத்தேன். மழை இரைச்சலில் குரல் சரியாகக் கேட்கவில்லை.

"எங்க நிக்கிறீங்க, அண்ணன்?"

"ஸ்டேசனிலதான் மிஸ். பாயும் தலகாணியும் கொண்டு வந்திட்டன்."

"எத்தன நாளைக்கு?"

"தண்ணி வத்துமட்டும்."