நிழலிலும் கறுத்திருந்த கண்ணாடி

அந்த மாட்டு வியாபாரியை இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை. எழுபதுகளின் கடைசியில், நல்லம்பள்ளிச் சந்தைக்கு என் காளையை ஓட்டிப் போயிருந்தேன். டீக்கடைக்குள் உட்கார்ந்திருந்தபோது அவர் போட்டிருந்தது சாதாரண வெள்ளைக் கண்ணாடி. காளையின் பல்லைப் பிடித்துப் பார்க்க வெயிலுக்கு வந்தார். சற்று நேரத்தில் கண்ணாடி கறுத்துவிட்டது.

எங்கள் பக்கம் மாட்டு விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்துத்தான் பேசுவோம். விரல் எதையும் சொல்லும். அதனால் எதிராளியின் கண்ணைத்தான் பார்ப்போம். இவரிடம் பார்க்கக் கண்ணே இல்லை.

“கண்ணாடிய மாத்திட்டீங்களா?” என்றேன்.

“மாத்தலீங்க. வெயில் பட்டா அதுவே கறுத்துக்கும். பெங்களூருல வாங்கினது. கண்ணுக்குக் குளுகுளுன்னு இருக்குதுங்க.”

“அப்ப நெழலுக்கு வாங்க, அங்க பேசிக்கலாம்.”

மறுபேச்சில்லாமல் புளியமரத்தடிக்கு வந்தார். வந்த வேகத்தில் என் கைமேல் துண்டைப் போட்டு, “சீக்கிரம் சொல்லுங்க, லாரி நிக்குது” என்று விரலை அழுத்தினார். கண்ணாடி இன்னும் கறுப்பாகவே இருந்தது. நான் தடுமாறி, அவர் விரலில் சொன்ன விலைக்கே தலையாட்டிவிட்டேன். தலையாட்டினால் பேச்சு முடிந்தது.

“நெழலுக்கு வந்தா உடனே தெளியாதுங்க” என்றார், துண்டை உதறிக்கொண்டே. “இதுல அது ஒண்ணுதான் கொறை.”

என் கயிற்றை அவிழ்த்துவிட்டு அவர் தன் கயிற்றைக் காளைக்குக் கட்டிய பிறகுதான் கண்ணாடி தெளிந்தது. உள்ளே இரண்டு கண்களும் சிரித்துக்கொண்டிருந்தன.

அந்தக் குறைக்காகவே அவர் அதை வாங்கியிருப்பாரோ?