லண்டன் புரோகிராமும் எங்கடை வியாழக்கிழமையும்

புரோகிராம் எழுதிச் சாப்பிடுற சீவன்களே, எங்கடை தொழிலிலை ஆளை விழுத்துறது கேளாமல் நாங்களே நினைச்சுக்கொள்ளுற விசயங்கள்தான்.

எண்பதுகளிலை யாழ்ப்பாணத்திலை கொம்பியூட்டரோடை மாரடிச்ச சில பேரிலை நானும் ஒருத்தன். அளவெட்டியிலை கந்தையா அண்ணை எண்டு ஒருத்தர். கலியாணத்துக்கும் கோயிலுக்கும் மேளகாரரை ஒழுங்குபடுத்திக் குடுக்கிறவர். லண்டனிலை இருந்து வந்த பதிவுப் புரோகிராம் ஒண்டை அவருக்குப் போட்டுக் குடுத்தன்.

குடும்பப் பேர்

மேளகாரரின்ரை பேரோடை குடும்பப் பேரையும் அது கேட்டுது. நிரப்பாமல் அங்காலை போகவிடாது. எங்களிட்டைக் குடும்பப் பேர் எங்கை? வித்துவான்மாரை ஊரைச் சொல்லித்தானே கூப்பிடுறது எண்டு அண்ணை ஊரை அடிச்சுவிட்டார். பிறகு திரையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிச்சார். "தம்பி, ஒரே ஊரிலை கனகாலமா ஒருத்தரோடை ஒருத்தர் கதை இல்லாத ரெண்டு தவில்காரரையும் உன்ரை பெட்டி ஒரே குடும்பமாக்கிப்போட்டுது!"

வியாழன் விடியப்பறம்

சண்டிலிப்பாய்ப் புகையிலைக் கமக்காரர் செல்லத்துரை, மகளின்ரை கலியாணத்துக்கு மேளம் கேட்டு வந்தார். வியாழன் இரவு கலியாணம், விடியப்பறம் நாலு மணிக்கு முகூர்த்தம். சூரியன் வருமட்டும் எங்களுக்கு வியாழன்தானே. அண்ணை "வியாழன், நாலு மணி" எண்டு அடிச்சார். பெட்டிக்கோ நடுச்சாமத்திலையே நாள் மாறிப்போகும். மேளகாரர் ஒரு நாள் முந்திப் போய் இறங்கினால், பந்தலே போட்டு முடியேல்லை.

அதைவிடப் பெரிய கூத்து, முகூர்த்த நேரத்துக்கு அதே ஆக்களைப் பெட்டி உடுப்பிட்டிக் கோயிலுக்குக் குடுத்திருந்தது. மேளமில்லாமல் தாலி கட்டுறதோ? செல்லத்துரையர் தலைதெறிக்க அளவெட்டிக்கு ஓடிவந்தார். வாசிப்பை விட்டிருந்த கந்தையா அண்ணை, மேளகாரரைக் கலியாண வீட்டிலையே மறிச்சு வைச்சுப்போட்டு, தானே நாயனத்தைத் தூக்கிக்கொண்டு உடுப்பிட்டிக்குப் போனார். கெட்டிமேளத்தோடை தாலி ஏறிச்சுது. திரும்பி வந்தவர் எனக்குச் சொன்னது: "இனியொருக்கால் என்ரை சொல்லுப் பொய்ச்சால், உந்தப் பெட்டி கிணத்துக்கைதான்."

குருநகர் ஞாயிறு

சூரியன் உதிச்சாத்தான் நாள் மாறும் எண்டு புரோகிராமைத் திருத்தினன். பெரிய காரியம் செய்த சந்தோசம் எனக்கு. அப்ப குருநகர் மீன்பிடிகாரர் சூசை அண்ணை, ஞாயிறு வேதக்கோயில் பெருநாளுக்கு மேளம் கேட்டு வந்தார்.

"ஞாயிறு எத்தினை மணிக்கு?" எண்டன்.

"சனி பின்னேரம்" எண்டார். பெருநாள் முதல்நாள் பொழுதுபடவே ஆராதனையோடை தொடங்கிடுமாம்.

கந்தையா அண்ணை என்னை ஒரு பார்வை பார்த்தார். "அப்ப, உங்களுக்கு நாள் எப்ப தொடங்குது எண்டு வாறவையைக் கேட்கிற மாதிரி மாத்தட்டோ?" எண்டு இழுத்தன்.

சண்டிலிப்பாய்க் கதை குருநகர் வரைக்கும் போயிருந்தது போலை. சூசை அண்ணை சொன்னார்: "உதை முதலே கேட்டிருந்தால், பாவம், அந்தக் கலியாணப் பொம்பிளையின்ரை தேப்பன் தலைதெறிக்க ஓடியிருக்கத் தேவையில்லைத்தானே, தம்பி?"

உலகம் முழுக்க ஓடுற புரோகிராம் எழுத ஆசையெண்டால், முதலிலை சண்டிலிப்பாய்க்கும் குருநகருக்கும் ஒருக்கால் சைக்கிள் ஓடிப் பாருங்கோ.