நம்பர்பேடு இடப்பக்கம்

எஸ்டேட் ஆபீசுக்குப் புது லேப்டாப் வந்தபோது அதைக் கழற்றிப் பார்க்க எனக்கு மட்டும்தான் தைரியம் இருந்தது. துண்டு துண்டாகக் கழற்றி மாட்டுகிற வகை. டச்பேடை முன்பக்கம் இழுத்தால் போதும், கீபோர்டு தனியாகவும் எண்கள் மட்டும் உள்ள நம்பர்பேடு தனியாகவும் கையோடு வந்துவிடும். நம்பர்பேடை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வைக்கலாம்.

நான் இடப்பக்கம் வைத்தேன்.

எனக்கு இடக்கைப் பழக்கம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான் என்பதால், பள்ளிக்கூடம் சொன்னதையெல்லாம் அம்மா அப்படியே நம்பினாள். இடக்கையால் எழுதக் கூடாதென்று டீச்சர் சொன்ன மறுநாளே, ஞாபகம் இருக்கட்டுமென்று என் இடது மணிக்கட்டில் ஒரு துணியைக் கட்டிவிட்டாள். ஒரே ஒரு வாரம்தான் என்றாள். ஒரு வருடம் கட்டினாள். கை மாறியது, வேகம் வரவில்லை. தெரிந்த விடையை எழுதி முடிப்பதற்குள் பரீட்சையில் மணி அடித்துவிடும்.

நம்பர்பேடு இடப்பக்கம் வந்ததும் பார்க்காமலே அடிக்க முடிந்தது. ஆளுக்கு ஆள் பறித்த காப்பிப் பழத்தின் எடையை லேப்டாப்பில் ஏற்றுவது இந்த வருடம் என் வேலை. கூட்டல் பட்டனை அழுத்தினால் அடுத்த ஆளின் பெயருக்குப் போகும்படி மாற்றி வைத்தேன். போன வருட எடைகளை வைத்து ஒரு வாரம் பழகினேன்.

காப்பிப் பழம் எடுக்கும் முதல் நாள். சாயங்காலம் தராசுக்குச் சூடம் காட்டி முதல் மூட்டையை ஏற்றுவது எஸ்டேட் வழக்கம். பறித்த பெண்கள் வரிசையில் நிற்க, எஸ்டேட் கணக்கு பார்க்கும் ஆபீஸ் ரைட்டர் என் மேசைக்கு வந்தார்.

“ஏஞ்சாமி, இதென்ன இந்தப் பக்கம் கெடக்குது?”

“எனக்கு இடக்கைதானுங்க வேகம்.”

“மொத எடை கண்ணு இது. பீச்சாங்கையில போட்டா வெள்ளாமை வெளங்குமா?”

வரிசையிலிருந்து ஒரு அக்கா குரல் கொடுத்தார். “ஏனுங்க ரைட்டரே, பழத்தை ரெண்டு கையிலயுந்தான் பறிச்சோம். பீச்சாங்கையில பறிச்சதைத் தனியாக் கொட்டிரட்டுங்களா?”

வரிசை முழுக்கச் சிரித்தது. ரைட்டர் சிரிக்கவில்லை. அவரே குனிந்து நம்பர்பேடை உருவி வலப்பக்கம் மாட்டினார்.

“மொத எடைய மட்டும் சோத்தாங்கையில போடு. அப்புறம் உன் இஷ்டம். முடியாதுன்னா எந்திரிச்சு மூட்டை தூக்கப் போ.”

மூன்று வருடம் மூட்டை தூக்கிய பிறகுதான் அந்த நாற்காலிக்கு வந்திருந்தேன். வரிசையில் முதலில் நின்றது என் அம்மா.

“சொன்னதைக் கேளு கண்ணு. ஒரே ஒரு எடைதான?” என்றாள்.

எனக்கு மணிக்கட்டுத் துணிதான் நினைவுக்கு வந்தது. நம்பர்பேடைக் கழற்றினேன். எல்லோரும் பார்க்க இடப்பக்கம் வைத்து அழுத்தினேன்.

“மாட்டேனுங்க. என்னை எழுப்பணும்னா நீங்களே எழுப்புங்க” என்றேன். பிறகு அம்மாவிடம், “மூட்டையைத் தராசுல வைம்மா.”

ரைட்டர் பக்கத்திலேயே நின்றார், எழுப்பவில்லை. முப்பத்தெட்டு கிலோ நானூறு. இடக்கையால் அடித்தேன். எடைச் சீட்டை வலக்கையால் கொடுத்தேன். ஆளுக்குக் கொடுப்பது மரியாதை, அதை நான் மறுக்கவில்லை. எண் அடிப்பது வேலை. அதில் எந்தக் கை என்பது என் பாடு.

ரைட்டர் ஒவ்வொரு எடையையும் தன் நோட்டில் தனியாக எழுதிக்கொண்டே வந்தார், தப்புக் கண்டுபிடிக்க. கடைசியில் இரண்டையும் ஒத்துப் பார்த்தார். ஒன்றுகூட மாறவில்லை. எடை சீக்கிரமே முடிந்ததால், வழக்கமாகக் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு இருட்டில் நடந்தே போகும் கிளியூர்ப் பெண்கள் அன்று பஸ்ஸைப் பிடித்தார்கள். “நாளைக்கும் இந்தத் தம்பியவே உக்கார வைங்க சாமி” என்று ஓடும்போதே கத்திவிட்டுப் போனார் அந்த அக்கா. ஊர் போய்ச் சேரும்வரை அம்மா எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள்.

மறுநாள் ஆபீசைத் திறந்தபோது நம்பர்பேடு வலப்பக்கம் இருந்தது. எடுத்து இடப்பக்கம் மாட்டினேன். அதற்கு அடுத்த நாளும் வலப்பக்கம் இருந்தது. பழம் எடுப்பு இன்னும் முடியவில்லை, ரைட்டரும் விடவில்லை. கழற்றி மாட்ட எனக்கு இரண்டு நொடி ஆகிறது.