மோட்டார் ஓடினால் அக்கா இருப்பாள்

ஆற்றுச் சேறு அப்பிய மோட்டார் ஒன்றைச் சாக்கில் சுற்றித் தூக்கிவந்து, என் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார் என் கணவர். படகின் பின்னால் மாட்டி ஓட்டுகிற மோட்டார். தோட்டத்துத் துரை தூண்டில் போடப் போனபோது ஆற்றில் விழுந்ததாம். எடுத்த பிறகும் ஓடாமல், ரப்பர் உலர்த்தும் புகைக்கூடத்துக்குப் பின்னால் பழைய இரும்போடு கிடந்தது. ரப்பர் விலை விழுந்து தோட்டத்தை மூடியதும் துரை கப்பலேறிவிட்டார். காவலாளி இவரைக் கூப்பிட்டு எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறான்.

"வீட்டுல அரிசி இல்ல. இரும்பைத் தூக்கிட்டு வந்து நிக்கிறீங்களே, இதை வேகவச்சாத் திங்கலாமா?" என்று கேட்டேன்.

"இது ஓடினா உங்க அக்கா இங்கயே இருக்கலாம், புள்ள," என்றார்.

நானே விறகை ஒதுக்கி அதற்கு இடம் விட்டேன்.

அக்கா ஜொகூர் ஆற்றில் எங்களுக்கு மேலே, துடுப்புப் போட்டால் அரை நாள் தூரத்தில், இன்னொரு தோட்டத்தில் பால்வெட்டிக்கொண்டிருந்தாள். மழைக்காலத்துக் காய்ச்சலில் அவள் புருஷன் போய்விட்டான். தோட்டத்தில் ஆள் குறைக்க ஆரம்பித்ததும், துணையில்லாதவள், கைக்குழந்தைக்காரி என்று அவள் பெயரைத்தான் முதலில் எடுத்தார்கள். இலவசமாகக் கடல் தாண்டி ஊருக்கு அனுப்புகிறார்களாம், பெரிய தர்மம்! ஊரில் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? எங்கள் அப்பாவும் அம்மாவும் எப்போதோ போய்ச் சேர்ந்தாயிற்று. இங்கே சொந்தக்காரர் யாராவது வந்து கூட்டிக்கொண்டு போனால் அவள் கப்பலேற வேண்டியதில்லை. அந்தச் சொந்தம் நான் ஒருத்திதான்.

நாங்கள் இருந்த லட்சணமோ சொல்லும்படி இல்லை. தோட்டம் மூடியபின் ஆற்றோரக் கம்பத்தில், கம்பம் என்றால் மலாய்க்காரர் கிராமம், அங்கே ஒருவர் இரக்கப்பட்டு விட்ட குடிசையில், மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டு கிடந்தோம். அவரை நாங்கள் பாக்சிக் என்று கூப்பிடுவோம், நம்மில் சித்தப்பா என்பதைப்போல. மீன் பிடிக்க அவரிடம் ஒரு சம்பான் படகு இருந்தது. மோட்டார் ஓடினால், மீன் பிடித்துத் திரும்பியபின் அதை எங்களுக்கு விடுவதாகச் சொன்னார். கம்பங்களிலிருந்து அன்னாசியும் வாழைத்தாரும் ஏற்றி கோத்தா திங்கிச் சந்தைக்குக் கொண்டுபோகலாம். அக்காவுக்கும் குழந்தைக்கும் வயிறு நிறையும்.

என் கணவர் ஒன்றும் மெக்கானிக் இல்லை. தோட்டத்து எஞ்சின் கூடத்தில் எண்ணெய் போட்டவர், அவ்வளவுதான். கையில் இருந்தது வாய் பிளந்த ஒரு ஸ்பேனர். மோட்டாரின் தலையில் இருந்த கனத்த சக்கரம் அசைவேனா என்றது. இரண்டு பக்கமும் மர ஆப்புகளைச் செருகி, அம்மிக்குழவியால் தட்டித் தட்டிக் கழற்றினார். என் அம்மிக்குழவி! பிஸ்டன் அதன் உருளைக்குள் உப்பேறி இறுகிக் கிடந்தது. ரப்பர் பால் பிடிக்கும் மங்குகளில் மண்ணெண்ணெய் ஊற்றி ஒவ்வொரு பாகத்தையும் ஊறப்போட்டார். அதுவும் போதாதென்று, ஒருநாள் நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால் என் சோற்றுப்பானையில் அந்த உருளை கொதித்துக்கொண்டிருக்கிறது.

"அடப்பாவி மனுஷா! உள்ளது இந்த ஒரு பானைதானே!"

"சூட்டுல விரியும் புள்ள. அப்பத்தான் கழலும்."

கழலத்தான் செய்தது. ஆனால் அதற்கப்புறம் வெகுநாள் எங்கள் கிழங்கில் மண்ணெண்ணெய் நாறியது. பெட்ரோல் வரும் சின்னத் துவாரத்தை என் தையல் ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார். நனைந்துபோன, தீப்பொறி கொடுக்கும் கம்பிச்சுருளை முறத்தில் வைத்து, பாக்சிக் வீட்டுக் கருவாட்டுக்குப் பக்கத்தில் காயப்போட்டார். காக்கை இரண்டையும் கொத்தாமல் காவல் இருக்க வேண்டியது என் வேலை. சுருள் காய்ந்ததும், "இந்த ஒயரைக் கொஞ்சம் பிடி" என்று என்னிடம் கொடுத்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினார். சுரீரென்று இழுத்ததில் நான் அலறி எழுந்து ஓடினேன். "கரண்டு வருது, கரண்டு வருது!" என்று அந்த மனிதர் குதித்தார். திட்டித் தீர்த்தேன். உள்ளுக்குள் எனக்கும் சந்தோஷம்தான்.

ஒன்றுதான் பாக்கி. எஞ்சினின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் ஒரு காகிதப் பட்டை இருக்கும். அது இல்லாவிட்டால் காற்று கசிந்து மோட்டார் பிடிக்காது. பழைய பட்டை தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. புதிதுக்கு எங்கே போவது? நாங்கள் ரப்பர்க்காரர்கள். செருப்பு அறுந்தால் ரப்பர் பால், வாளி ஒழுகினால் ரப்பர் பால். இவர் புகைக்கூடத்தில் கிடந்த ரப்பர் ஷீட்டைப் பால்வெட்டும் உளியால் அளவாக அறுத்தார். மூடிக்கிடந்த தோட்டத்துக்குள் போய் ஒரு மரத்தைக் கீறிப் புதுப்பால் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் தடவி, இறுக்கி முடுக்கினார்.

"இனி ஒரு பொட்டுக் காத்து போகாது, பாரு."

நானும் தொட்டுப் பார்த்தேன். கல்லுமாதிரி இருந்தது.

அதற்குள் ஆட்களை ஏற்ற வெள்ளிக்கிழமை காலை லாஞ்சு வருகிறது என்று அக்காவின் தோட்டத்திலிருந்து தகவல் வந்துவிட்டது. லாஞ்சு என்றால் சிங்கப்பூர் வரை போகும் எஞ்சின் படகு. அங்கிருந்து கப்பல். நல்லவேளையாக வெள்ளிக்கிழமை பாக்சிக் தொழுகைக்குப் போவார், மீனுக்குப் போகமாட்டார். அன்றைக்குச் சம்பான் எங்களுக்கு.

வியாழக்கிழமை சாயங்காலம் மோட்டாரை மாட்டி, காவலாளி கொடுத்த துரை வீட்டுப் பெட்ரோலை ஊற்றி, கயிற்றைச் சுற்றி இழுத்தார். இருமியது, புகைந்தது, பிறகு பிடித்துக்கொண்டது. "அலமாக்! ஓடுதே!" என்று பாக்சிக் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். கரையை ஒட்டி ஒரு சுற்று போய்விட்டு வந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடல் ஏறி ஆற்றை மேலே தள்ளும் ஏற்றத் தண்ணீரில் கிளம்பிய இன்னொரு மீன்காரரிடம், "அக்காகிட்ட சொல்லுங்க, லாஞ்சுல ஏற வேணாம், நாங்க படகுல வந்து கூட்டிக்கிறோம்னு" என்று சொல்லி அனுப்பினேன்.

விடிந்ததும் கிளம்பினோம். நிப்பா மரங்களுக்கு நடுவே எங்கள் மோட்டார் பாட்டுப் பாடிக்கொண்டு போனது. இரண்டு வளைவு தாண்டியதும் பாட்டு இழுபட்டது. அடுத்த வளைவில் நின்றே போனது. கயிற்றை இழுத்தார், இழுத்தார், கை தோல் உரியும் வரை இழுத்தார். பிறகு அந்த இரண்டு பாதியும் சேரும் இடத்தில் விரலை வைத்தார். ரப்பர் பாகாக உருகி விரலோடு வந்தது. ராத்திரி முழுக்க உள்ளே தங்கிய பெட்ரோல் அதைக் கரைத்துவிட்டிருந்தது. பெட்ரோல் பட்டால் ரப்பர் கரையும் என்று பிறகு எவனெவனோ எங்களுக்குச் சொன்னான். பொழுது விடிந்தால் ரப்பர், பொழுது போனால் ரப்பர் என்று கிடந்த எங்களுக்கு அது தெரியாது. பெட்ரோலை நாங்கள் எங்கே கண்டோம்? அது துரைமார் வீட்டுச் சாமான்.

ஆளுக்கொரு துடுப்பை எடுத்தோம். இறக்கத் தண்ணீர் எதிரே தள்ளியது. ஒரு முழம் ஏறினால் அரை முழம் பின்னுக்கு வந்தோம். "அவ ஏறியிருக்க மாட்டா, சொல்லி அனுப்பியிருக்கோமே" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அப்போது வளைவுக்கு அந்தப் பக்கம் லாஞ்சின் சத்தம் கேட்டது.

ஆற்றின் நடுவில் நாங்கள். ஓட்டுகிறவன் விலகச் சொல்லி ஊதினான். நாங்கள் விலகவில்லை. இவர் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டி, "நிறுத்து! நிறுத்து!" என்று கத்தினார். மேல்தட்டில் ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள். ஓரத்தில் அக்கா, இடுப்பில் குழந்தை. எங்களைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததே, அதை நான் என்ன சொல்லுவேன்.

"வந்துட்டியா தங்கச்சி! கரையில எவ்வளவு நேரம் நின்னேன் தெரியுமா? புடிச்சு ஏத்திட்டானுங்கடி!"

லாஞ்சு நிற்கப்போகிறது என்று அவள் நினைத்துவிட்டாள். படகு மாறும்போது சாமானை முதலில் கொடுத்துவிட்டுத்தானே ஆள் இறங்குவது வழக்கம். லாஞ்சு எங்களை உரசுவதுபோல் ஒதுங்கி வரும்போது, "இந்தா, புடி!" என்று மூட்டையைத் தூக்கிப் போட்டாள். அது நேராக என் மடியில் வந்து விழுந்தது.

லாஞ்சு நிற்கவில்லை. வேகம்கூடக் குறையவில்லை. அவள் கம்பியைத் தாண்டப் பார்த்ததும் யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தார்கள். குழந்தை வீரிட்டு அழுத சத்தம் வளைவு வரை கேட்டது. இவர் திரும்பவும் உட்கார்ந்து அந்தச் சனியன் பிடித்த கயிற்றை இழுக்க ஆரம்பித்தார்.

"விடுங்க. இனி யாருக்கு?" என்றேன்.

அக்காவை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. மூட்டையில் அவளுடைய சேலைகளும் குழந்தையின் துணிகளும், வழிக்கு என்று அவித்துக் கட்டிய கிழங்கும் இருந்தன. கிழங்கில் இன்னும் சூடு இருந்தது. கப்பலில் அந்தப் பிள்ளைக்கு மாற்றிக் கட்ட ஒரு துணிகூட இருந்திருக்காது.