பிளாட்பார டிக்கெட்டின் பின்பக்கம்

என் பீரோவின் கீழ்த்தட்டில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. அதில் பிஸ்கட் இருந்த காலம் எனக்கே மறந்துவிட்டது. இப்போது இருப்பவை பிளாட்பார டிக்கெட்டுகள், நூற்றுக்கு மேல் இருக்கும். எல்லாம் செங்கல்பட்டு ஸ்டேஷனில் வாங்கிய பழைய அட்டை டிக்கெட்டுகள். முன்பக்கம் தேதி குத்தியிருக்கும். பின்பக்கம் பெரும்பாலும் என் வீட்டுக்காரர் பேனாவால் எழுதிய இரண்டு எண்கள், நடுவில் ஒரு கோடு. எண்பத்தைந்து, நாற்பது. தொண்ணூறு, முப்பது. எழுபத்தைந்து, ஐம்பது. முதல் எண் அவர் வீட்டைவிட்டுக் கிளம்பியபோது இருந்த கோபம், இரண்டாவது திரும்பி வந்தபோது மிச்சமிருந்த கோபம். இதைத் திறந்து பார்க்கிறவர்கள் பைத்தியக்காரக் குடும்பம் என்று நினைத்தால், முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். அப்படி எழுதச் சொல்லிக் கொடுத்தவர் மேடம். எங்களைக் கரை சேர்த்ததும் அவர்தான், அந்தக் கரையில் ஒரு ஆளை எண்ண மறந்ததும் அவர்தான். மறைத்தது நான்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். படாளம் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம் எங்களுடையது, அதில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் பெண் நான். என் வீட்டுக்காரர் மாமல்லபுரத்தில் கடலோர ஓட்டல் ஒன்றில் ரிசப்ஷனில் இருந்தார். நான் நாள் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு "சொல்லுங்க சார், லைன்ல இருங்க சார்" என்பேன். அவர் வெள்ளைக்காரர்களைப் பார்த்து எட்டு மணி நேரம் சிரிப்பார். இரண்டு பேருக்கும் பணிவுக்குத்தான் சம்பளம். அந்தப் பணிவையெல்லாம் வாசலில் செருப்போடு கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவோம். எதற்காகச் சண்டை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. குழம்பில் உப்பு, பஸ் தாமதம், அவர் தங்கை சொன்ன ஒரு வார்த்தை, எதுவும் போதும். ஒருநாள் அவர் சாம்பார்ப் பாத்திரத்தைச் சுவரில் எறிந்தார். நான் அவருடைய யூனிபார்ம் சட்டையைப் பாக்கெட்டோடு சேர்த்துக் கிழித்தேன். அன்றைக்குத்தான் வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து இறங்கிவந்து, "ஒண்ணு நீங்க சண்டைய நிறுத்துங்க, இல்ல வூட்ட காலி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். விஷயம் பாஸ்டர் காதுக்குப் போனது. சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற ஹாலில் சனிக்கிழமை காலையில் புருஷன் பெண்டாட்டிகளுக்கு ஒரு வகுப்பு நடக்கிறது, போய் உட்காருங்கள் என்றார். உட்காரப் போனது மனம் திருந்தி அல்ல, வீடு போய்விடுமே என்ற பயத்தில்.

மேடம் ஊரப்பாக்கத்திலிருந்து எலக்ட்ரிக் ரயிலில் வருவார். ஐம்பது வயதிருக்கும். கஞ்சி போட்ட காட்டன் புடவை, தோளில் துணிப்பை, பையில் நீளமான ஒரு நோட்டு. நான்கு ஜோடிகள் பெஞ்சுகளில் எதிரெதிரே உட்காருவோம். புத்திமதி சொல்லுவார், விட்டுக்கொடுத்துப் போகச் சொல்லுவார் என்று எதிர்பார்த்துப் போன எனக்கு முதல் நாளே ஏமாற்றம். "சண்டை போடாதீங்கன்னு சொல்ல நான் வரல. உங்களுக்குச் சண்டை போடத் தெரியல. சமையல் மாதிரி, டைப்ரைட்டிங் மாதிரி அதுவும் கத்துக்கிட்டாத்தான் வரும்" என்றார். கோபத்துக்குப் பூஜ்யத்திலிருந்து நூறுவரை எண் வைக்கச் சொன்னார். எழுபதைத் தாண்டினால் பேச்சு கிடையாது. தாண்டியவர் தன் எண்ணைச் சொல்லிவிட்டு, எப்போது திரும்புவேன் என்று நேரமும் சொல்லிவிட்டு விலகிப் போக வேண்டும். சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்து பேச்சை முடிக்க வேண்டும். வராமல் போனால் அது ஆற்றிக்கொள்வதல்ல, தண்டனை கொடுப்பது என்பார். பேசும்போது அடுத்தவர் சொன்னதை முதலில் நம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும், அதில் நியாயம் எந்த அளவு இருக்கிறதோ அதையும் சொல்ல வேண்டும், அப்புறம்தான் நம் கட்சி. கேட்கச் சுலபம். என் வீட்டுக்காரர் முதல் தடவை, "இவ இன்னா சொல்றான்னா, நான் வூட்டுக்கு வந்தா டிவியதான் கட்டிகினு அழுவுறேனாம்" என்று திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை பாதியில் நிறுத்தி மறுபடி ஆரம்பித்தார். எதிர் பெஞ்சுக்காரர்கள் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. "இப்ப அதுல நியாயம் எதுன்னு பாருங்க" என்று காத்திருந்தார். அவர் காத்திருப்பது ஒரு தினுசு. பதில் வரும்வரை கண்ணை எடுக்க மாட்டார்.

"கோவம் வந்தா எங்க போவீங்க?" என்று ஒரு வாரம் மேடம் என் வீட்டுக்காரரைக் கேட்டார். அவர் தரையைப் பார்த்தார். "எங்க போவாரு, கடைக்குத்தான்" என்று நான் முந்திக்கொண்டேன். கடை என்றால் எந்தக் கடை என்று யாரும் கேட்கவில்லை. பத்து பைசா கோபத்தோடு போய் ஒரு ரூபாய்க் கோபத்தோடு திரும்புகிற இடம் அது. மேடம் யோசித்துவிட்டு, "உங்க வீட்டுலேர்ந்து ஸ்டேஷன் எவ்ளோ தூரம்?" என்றார். பத்து நிமிட நடை. "அங்க போங்க. பிளாட்பார டிக்கெட் வாங்குங்க. ரெண்டு மணி நேரம் செல்லும். ஏரியைப் பாத்துக்கிட்டு உக்காருங்க. ஊருக்குப் போற டிக்கெட் வாங்கிடாதீங்க. பிளாட்பார டிக்கெட் வாங்குனவர் வீட்டுக்குத் திரும்பி வரணும்" என்றார். டிக்கெட்டின் பின்னால் போகும்போது ஒரு எண், வரும்போது ஒரு எண் எழுதி என் கையில் கொடுக்க வேண்டும் என்பதும் அவர் ஏற்பாடுதான். அது எனக்கு அத்தாட்சி. என் பங்குக்கு, முகத்தைக் குளிர்ந்த தண்ணீரில் மூழ்கவைத்து மூச்சை எண்ணும் பயிற்சி.

நம்ப முடியாதபடி அது வேலை செய்தது. கொளவாய் ஏரியைப் பார்த்தபடி இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிற மனிதர் வேறு ஆளாக இருந்தார். வாரத்துக்கு ஐந்து சண்டை மூன்றானது, மூன்று ஒன்றானது. சனிக்கிழமைதோறும் மேடம் நோட்டைத் திறந்து, "இந்த வாரம் எத்தனை?" என்று கேட்பார். "ஒண்ணு மேடம்" என்போம். எழுதிக்கொண்டு நிமிரும்போது அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்துக்காகவே சண்டையைக் குறைக்கலாம் போலிருக்கும். புதிதாக வந்த ஜோடிகளிடம் எங்களைக் காட்டி, "இவங்கள கேளுங்க" என்பார். நானும் கேட்டவர்களுக்கெல்லாம் ஊருக்கு உபதேசம் செய்தேன். இன்று நினைத்தால் என் நாக்கை நானே கடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மேடம் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. என் வீட்டுக்காரர் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த இரண்டு மணி நேரம் வீட்டில் என்ன நடந்தது? சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறவருக்கு நடக்க ஒரு தெரு, உட்கார ஒரு பெஞ்சு, பார்க்க ஒரு ஏரி. நான் அதே அடுப்படியில், அதே தொண்ணூறோடு நிற்பேன். வாளித் தண்ணீரில் முகத்தை முக்கி எடுத்தால் தண்ணீர்தான் சூடாகும். வீட்டில் அப்போது இன்னொரு ஆள் இருந்தாள், எங்கள் எட்டு வயது மகள். ஹோம்வொர்க் நோட்டோடு வந்து நிற்பாள். தண்ணீர் டம்ளரைத் தட்டிவிடுவாள். எதுவும் செய்யாமல் சும்மா என்னைப் பார்ப்பாள், அதற்கும் அடித்தேன். முதலில் கை, அப்புறம் ஸ்கேல், அப்புறம் கையில் என்ன இருக்கிறதோ அது. அவர் வருவதற்குள் முகம் கழுவிவிட்டு, பவுடர் போட்டு உட்கார வைத்துவிடுவேன். அவர் கொடுக்கும் டிக்கெட்டை வாங்கிப் பார்த்து, "பரவால்லியே, முப்பதுக்கு வந்துட்டீங்களே" என்று சிரிப்பேன். அவள் அதையும் பார்த்துக்கொண்டிருப்பாள். எங்கள் சண்டைதான் குறைந்தது, வீட்டில் விழுந்த அடி குறையவில்லை. நோட்டில் அதற்குப் பத்தி கிடையாது, நானும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடம் எங்கள் எல்லோரையும் பிள்ளைகளோடு மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போனார். கடற்கரையில் ஜோடி ஜோடியாக நடந்துகொண்டு பேச வேண்டும், அதுதான் அன்றைய பாடம். பிள்ளைகள் மணலில் விளையாடினார்கள். என் மகள் மட்டும் அந்த வெயிலில் முழுக்கைச் சட்டையோடு இருந்தாள். அலையில் கை நனைந்து, சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டபோது முழங்கைக்குக் கீழே இருந்த வடு வெளியே தெரிந்தது. தோசைத் திருப்பியின் முனை, நான்கு நாள் பழசு. மேடம் குனிந்து பார்த்தார். "இது என்னடா கண்ணு?" என்றார். நான் பத்தடி தள்ளி நின்றேன். என் மகள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தோசக்கல்லு பட்டுடுச்சு மிஸ். நான்தான் கிட்ட போய்ட்டேன்" என்றாள். மேடம் "பாத்து இருக்கணும்டா" என்று தலையைத் தடவிவிட்டு நகர்ந்தார். எட்டு வயதுப் பிள்ளை தயங்காமல் எனக்காகப் பொய் சொன்னாள். எனக்கு அப்போது வந்தது நிம்மதி. வெட்கம் வந்தது பிறகுதான். இதை எழுதுவதற்கு எனக்கு இத்தனை வருடம் ஆனது.

அதற்கு மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம். அவர் எண்பத்தைந்து என்று சொல்லிவிட்டு, ஆறரைக்கு வருவதாகவும் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். நான் மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். அவள் வாசற்படியில் நின்று, "நைனா எப்பம்மா வருவாரு?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். அந்தக் கேள்வியில் அவளும் அவர் கட்சிதான் என்று எனக்குப் பட்டது. கரண்டியால் அடித்தேன், எத்தனை அடி என்று எண்ணவில்லை. அவள் அழவில்லை. உள்ளே போனாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டால் பதில் இல்லை. அறையில் இல்லை, மாடியில் இல்லை, தெருவில் இல்லை. சண்டே ஸ்கூல் காணிக்கைக்காக அவள் வைத்திருந்த இரண்டு ரூபாயும் அலமாரியில் இல்லை. நான் செருப்பில்லாமல் தெருத் தெருவாக ஓடினேன்.

ஸ்டேஷனில் அவர் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு ரயில் வந்து போவதைப் பார்த்திருக்கிறார். கூட்டம் கலைந்தபோது பிளாட்பாரத்தின் மறுகோடியில் ஒரு சின்ன உருவம் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததாம். யார் வீட்டுப் பிள்ளையோ தனியாக இருக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தாராம். பஸ் ஸ்டாண்டு சாலையைத் தனியாகக் கடந்து வந்து, கவுன்டரில் "எங்க நைனா உள்ள இருக்காரு" என்று சொல்லி டிக்கெட் வாங்கியிருக்கிறாள். அவர் ஓடிப்போய், "இன்னாடி, இங்க இன்னா பண்ற?" என்று கேட்டதற்கு, டிக்கெட்டைத் திருப்பிக் காட்டியிருக்கிறாள். பென்சிலால் எண்பது என்று எழுதி, பக்கத்தில் கோடு போட்டிருந்தது. "எனுக்கு எம்பது நைனா. ரெண்டு மணி நேரம் செல்லும். நீ போ, நான் அப்பறமா வரேன்" என்றாளாம். அப்புறம்தான் அவர் அவள் கையைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார். தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தியபோது அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

அடுத்த சனிக்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. மேடமே வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் சொன்னார், நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். என்னைக் காறித் துப்புவார் என்று காத்திருந்தேன். மேடம் பையிலிருந்து நோட்டை எடுத்தார், எங்கள் பக்கத்தைப் பிரித்தார், ஐந்து, மூன்று, ஒன்று என்று இறங்கிவந்த வரிசையை வெகுநேரம் பார்த்தார். "வாரா வாரம் எத்தனை சண்டைன்னு கேட்டேன். இந்த வீட்ல யாரு யாருக்குப் பயப்படறாங்கன்னு ஒரு வாரம்கூடக் கேக்கல" என்றார். அப்புறம், "அவருக்கு ஒரு இடம் கண்டுபிடிச்சுக் குடுத்தேன். உங்களுக்குப் போக எங்கம்மா இடம்னு கேக்காம விட்டேன். அது என் தப்பு. அடிச்சது உங்க தப்பு. ஒண்ணுக்கு ஒண்ணு சமாதானம் ஆகாது" என்றார். என் மகளைக் கூப்பிட்டு, தரையில் அவள் உயரத்துக்கு உட்கார்ந்து, "கடற்கரையில நீ சொன்னத நான் நம்பி இருக்கக் கூடாது. என்ன மன்னிச்சுக்கடா" என்றார். அவள் "பரவால்ல மிஸ்" என்றாள். பெரியவர்களைச் சமாதானப்படுத்த அவளுக்கு அப்போதே நன்றாகப் பழகியிருந்தது.

அன்றிலிருந்து ஏற்பாடு மாறியது. யார் வெளியே போனாலும் குழந்தை மாடி வீட்டுக்காரம்மாவிடம் போய்விடும். நானும் பிளாட்பார டிக்கெட் வாங்கினேன், என் எண்களும் அந்த டின்னில் இருக்கின்றன. மேடம் என்னைத் தனியாக ஒரு வருடம் வரச் சொன்னார், போனேன். அதற்குப் பிறகு அவளை அடிக்கவில்லை என்று எழுத ஆசைதான். இரண்டு முறை அடித்தேன். இரண்டையும் மேடத்திடம் சொன்னேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார், முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. வகுப்பில் புதிதாக வருகிறவர்களிடம் அவர் முதலில் கேட்கிற கேள்வி, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதாக மாறியதைப் பின்னால் கேள்விப்பட்டேன். அவர் இறந்த செய்தி எனக்கு ஒரு மாதம் தாமதமாகத்தான் வந்தது. என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசி வருடங்களில் நாங்கள் எலியும் பூனையுமாக இல்லை, நல்லபடியாகத்தான் இருந்தோம். அது மேடம் கொடுத்தது, அதை மறுக்க மாட்டேன்.

மகள் இப்போது பொத்தேரியில் வேலை பார்க்கிறாள். கல்யாணமாகிவிட்டது. மாதம் ஒருமுறை என்னைப் பார்க்க வருவாள், வந்தால் இரண்டு மணி நேரம் இருப்பாள். அதற்கு மேல் இருந்ததில்லை. போனில் என் குரல் கொஞ்சம் உயர்ந்தால், "அம்மா, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாள். சொன்னபடி சரியாகத் திரும்பவும் கூப்பிடுவாள். மேடம் இருந்திருந்தால் இவளைத்தான் எல்லோருக்கும் காட்டியிருப்பார்.

போன மாதம் வந்தபோது டின்னைத் திறந்து அவளுடைய டிக்கெட்டைத் தேடி எடுத்தேன். பென்சில் எழுத்து மங்கியிருந்தது. எண்பது, ஒரு கோடு, அப்புறம் வெறும் அட்டை. திரும்பிய எண்ணை அவள் எழுதவே இல்லை, நாங்களும் கேட்டதில்லை. "அன்னிக்கு வூட்டுக்கு வந்தப்ப எவ்ளோடி இருந்துச்சு?" என்று கேட்டேன். அவள் டிக்கெட்டை வாங்கிப் பார்க்கவில்லை. கைப்பையை மாட்டிக்கொண்டே, "எம்பதுதாம்மா. நைனா தூக்கினு வந்தாரு, வந்தேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, பஸ் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு மணி பார்த்துவிட்டு, போயிட்டு வரேம்மா என்று இறங்கிப் போனாள். நான் ஒரு பென்சிலைத் தேடி எடுத்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் எண்பது என்று எழுதி, டிக்கெட்டை டின்னில் திரும்ப வைத்தேன்.