நீ ஹாவு: குருபரப்பள்ளி நிறுத்தத்தில் ஒரு சர்வதேச நெருக்கடி

இப்போது நான் எழுதப்போவதை நீங்கள் நம்பமாட்டீர்கள். சத்தியமாகச் சொல்கிறேன், ஒருவர்கூட நம்பமாட்டீர்கள். ராயக்கோட்டை மண்டியில் தக்காளி விலையைக் கேட்டு மயங்கி விழுந்த யானையைப் பற்றி நான் எழுதியபோதே வாசகர்களில் பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள். மிச்சமிருக்கும் பொறுமைசாலிகளுக்காகவும், வெளிநாட்டு விருந்தாளியை ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் சுற்றிக்காட்ட நினைப்பவர்களுக்காகவும் இந்தப் பயணக் குறிப்பு.

விதை விழுந்த இடம் வியட்நாம். என் அக்கா மகன் சரவணன் ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் சூப்பர்வைசர். போன வருடம் நண்பர்களோடு அங்கே சுற்றுலா போனான். படகுச் சவாரியில் நம் ஆட்கள் ஏழு பேர், மற்றவர்களெல்லாம் சீனச் சுற்றுலாப் பயணிகள். நான் கேள்விப்பட்டவரை இருபதாயிரம் பேர், படகு சிறியது. பக்கத்து நாற்காலியில் இருந்தவர் லின் அம்மாள். வயது எழுபத்திரண்டு, பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாய்லாந்து, மலேசியா, ஜப்பான் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, ஆசியாவில் வேறு என்ன பாக்கி என்று தேடிக்கொண்டிருந்தார். இறங்கும்போது சரவணன் நம் வழக்கப்படி, "ஒருநாள் எங்க வீட்டுக்கு வாங்க" என்று சொல்லிவைத்தான். நம் ஊரில் அதற்கு "சரி, கிளம்புகிறேன்" என்று அர்த்தம். மொழிபெயர்க்கும் கைபேசிக்கு அந்த நாசூக்கு தெரியவில்லை. அப்படியே சீனத்தில் சொல்லிவிட்டது.

சீனர்களுக்கு இந்தியா மறுபடியும் சுற்றுலா விசா கொடுக்கத் தொடங்கியது. லின் அம்மாள் கோலாலம்பூர் வழியாகப் பெங்களூரு வந்து இறங்கிவிட்டார். இந்த மாசி மாதம், ஒரு சனிக்கிழமை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமைதான் சிக்கல். சரவணனுக்கும், அவன் கம்பெனியிலேயே தரப் பரிசோதனையில் இருக்கும் கவிதாவுக்கும் இரண்டு வருடமாக விருப்பம். பெண்ணின் அப்பா வெங்கடாசலம், குருபரப்பள்ளியில் மாந்தோப்பு வைத்திருப்பவர், அன்று காலை பதினொரு மணிக்கு சூளகிரிக்கு வந்து எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு. மரியாதை விஷயத்தில் மனிதர் தராசு. ஏற்கெனவே ஒரு சம்பந்தத்தை, எதிர்த்தரப்பு "வாங்க" என்று சொன்னபோது கடைசி "ங்க"வை விழுங்கிவிட்டது என்பதற்காக முறித்தவர்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சரவணன் ஜாதகத்தில் நாகதோஷம். அதனாலேயே முப்பத்துநான்கு வயது வரைக்கும் பார்த்த இடமெல்லாம் தட்டிப்போனது. "ஜாதகமெல்லாம் வேணாம், மனப்பொருத்தம் போதும்" என்று பெண் வீட்டிலிருந்தே சொல்லியனுப்பியபோது, என் அக்கா உடைத்த தேங்காயில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. இந்தப் பாம்பு விஷயம் மட்டும் வெங்கடாசலம் காதுக்குப் போகக்கூடாது. போனால் கல்யாணம் இல்லை.

ஆகவே எனக்கு இடப்பட்ட கட்டளை: லின் அம்மாளைச் சாயங்காலம் நான்கு மணி வரை வீட்டுப் பக்கமே கொண்டுவரக்கூடாது. அந்தக் கைபேசி யாரிடம் எதைச் சொல்லும் என்று யாருக்கும் தெரியாது.

காலை ஏழரை மணிக்கு எலக்ட்ரானிக் சிட்டி ஹோட்டல் வாசலில் ஏறினோம். கார் நாகராஜுடையது; நாள் வாடகை மூவாயிரம், சுங்கம் தனி. நாகராஜ் வீட்டில் தெலுங்கு பேசுவான், சவாரியிடம் கன்னடம் பேசுவான், லாரிகளைத் தமிழில் திட்டுவான். அத்திப்பள்ளி தாண்டி ஜூஜுவாடி வந்து, தமிழ்நாடு வரவேற்கிறது என்றதும் லின் அம்மாள் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார். எல்லை என்று மொழிபெயர்த்துச் சொன்னது என் தப்பு. நான் அதை வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன்.

"ஏன்ண்ணா அந்தம்மாவ பயமுறுத்தற?" என்றான் நாகராஜ்.

அவர் பயப்படவில்லை. முத்திரை எங்கே என்று கேட்டார். சீனப் பயணிகளில் பலருக்குப் போகிற இடத்திலெல்லாம் ஒரு முத்திரை குத்திக்கொள்வது பெரிய ஆசையாம். அதற்கென்றே ஒரு குட்டி நோட்டு வைத்திருந்தார். ஜூஜுவாடியில் முத்திரைக்கு எங்கே போவது? பக்கத்து லாரி புக்கிங் ஆபீஸில் கெஞ்சி ஒன்று குத்தி வாங்கினேன். "சரக்கு சேதமின்றி வந்து சேர்ந்தது." ஜப்பான் கோயில் முத்திரைக்குப் பக்கத்தில் அது கம்பீரமாக உட்கார்ந்துகொண்டது.

அங்கேதான் முதல் எச்சரிக்கை மணியும் அடித்தது. இளநீர்க்காரரைப் பார்த்து லின் அம்மாள் சிரித்துக்கொண்டே தன் பாஷையில் வணக்கம் சொன்னார்: "நீ ஹாவ்!"

இளநீர்க்காரர் கன்னடக்காரர். அரிவாளைப் போட்டுவிட்டு இளநீர்க் குவியலின் உச்சிக்கு ஒரே தாவலில் ஏறிவிட்டார். "ஹாவா? எல்லி? எல்லி?" எங்கே, எங்கே என்று அலறினார்.

"கன்னடத்துல ஹாவுன்னா பாம்புண்ணா" என்றான் நாகராஜ் நிதானமாக. "இந்தம்மா 'நீ பாம்பு'ங்குது."

சிரித்தோம். சிரித்திருக்கக்கூடாது.

ஓசூரில் டிபன். லின் அம்மாள் இரண்டு இட்லியும், ஒரு பெரிய டம்ளர் வெறும் வெந்நீரும் சாப்பிட்டார். மூவருக்கும் சேர்த்து 210 ரூபாய். வெந்நீருக்குக் காசு வாங்க மறுத்த கடைக்காரர், "உடம்பு சரியில்லீங்களா?" என்று மூன்று தடவை விசாரித்தார். அங்கிருந்து சூளகிரி சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். எங்கள் வீட்டுத் தெரு வரும் இடத்தில் நான் மலையைக் காட்டி லின் அம்மாளின் கவனத்தைத் திருப்பினேன். அடுத்து கிருஷ்ணகிரி அணை என்பது திட்டம்.

மாசி மாதம் குருபரப்பள்ளிப் பக்கம் மாமரமெல்லாம் பூத்து நிற்கும். லின் அம்மாள் நாகராஜின் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னார். சரியாகப் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே நின்றது கார். அவர் ஜன்னலை இறக்கி மாம்பூவைப் படம் பிடித்தார். படத்தின் நடுவில், கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி சட்டையில் வெங்கடாசலம் நின்றுகொண்டிருந்தார். பைக்கில் வந்தால் வேட்டி கசங்கும் என்று பஸ்ஸுக்குக் காத்திருந்திருக்கிறார். பஸ்களோ நிற்காமல் பறந்துகொண்டிருந்தன.

தலையைக் குனிந்துகொள்ளப் பார்த்தேன். ஆனால் சம்பந்தம் பேசப் போனபோது பார்த்த முகம், அவர் என்னைக் கண்டுகொண்டார். இறங்கி, கும்பிட்டு, "வாங்கண்ணா, சூளகிரிக்கு நானே கொண்டுபோய் விடறேன்" என்று ஒவ்வொரு "ங்க"வையும் மணி மாதிரி அடித்து, முன் இருக்கையில் உட்கார வைத்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். பின்னாலிருந்து லின் அம்மாள் தலையைக் குனிந்து, அத்தனை அன்பையும் சேர்த்துச் சொன்னார்:

"நீ ஹாவ்!"

நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த நாலாயிரம் லாரிகளும் அந்தக் கணம் நின்றுவிட்டன.

"அந்தம்மா இப்ப என்னான்னுச்சு?" என்றார் வெங்கடாசலம்.

"வணக்கம்னு சொல்லுச்சுங்கண்ணா" என்றான் நாகராஜ்.

"எனக்கும் கன்னடம் தெரியும்ப்பா."

"அது கன்னடம் இல்லீங்க. சைனா பாஷ."

"சைனாவுலேர்ந்து வந்து கன்னடத்துல திட்டுதா?" அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "சரி, பாம்பு கெடக்கட்டும். அது என்னா 'நீ'? எங்கப்பாகூட என்ன நீன்னு கூப்ட்டதில்ல."

இதற்கு மேல் விளக்க வழியில்லை. தமிழில் நீ என்றாலும் மரியாதைக் குறைவு, கன்னடத்தில் நீ என்றாலும் அதே, தெலுங்கில் நீ என்றாலும் அதே. மூன்று பாஷை தெரிந்த மனிதருக்கு மூன்று பாஷையிலும் அடி விழுந்திருந்தது. அதைவிட மோசம் ஒன்று இருந்தது. பாம்பு என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் வெளிறிப்போனதைப் பார்த்தேன். சரவணனின் தோஷம் இவருக்குத் தெரிந்துவிட்டது என்றே முடிவு கட்டினேன். சூளகிரி வரும் வரைக்கும் லின் அம்மாள் மாம்பூப் படங்களை ஒவ்வொன்றாக அவர் தோளுக்கு மேல் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டு வாசலில் ஒரே காரிலிருந்து இருவரும் இறங்குவதைப் பார்த்த சரவணன், வெங்கடாசலத்தின் சட்டையை விடவும் வெள்ளையானான். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் சாம்பலாகி, மறுபடி உருவெடுத்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

கேசரி வந்தது. வெங்கடாசலம் தொடவில்லை. "நான் ஒன்னு கேட்டுட்டுக் கெளம்பறேன்" என்று அவர் ஆரம்பிக்க, ஏதோ சரியில்லை என்று லின் அம்மாளுக்குப் பட்டுவிட்டது. கைபேசியை எடுத்துப் பேசினார். அது செய்தி வாசிக்கும் தமிழில் கேட்டது: "நான் ஏதேனும் தவறு செய்தேனா? ஐயா அவர்கள் எந்த ஆண்டில் பிறந்தார்கள்?"

அவர்கள் ஊரில் புது மனிதரோடு சகஜமாவதற்கு அப்படித்தான் கேட்பார்களாம்.

"அறுபத்தஞ்சு. எதுக்கு?" என்றார் வெங்கடாசலம், விறைப்பாக.

லின் அம்மாள் விரல் விட்டு எண்ணினார். கையைத் தட்டினார். கைபேசியிடம் உற்சாகமாக ஏதோ சொன்னார். அது கணீரென்று அறிவித்தது:

"நீங்கள் பாம்பு."

சரவணன் கையிலிருந்த தட்டு சாய்ந்து கேசரி தரைக்கு வந்தது. கைபேசி விடவில்லை. "எங்கள் கணக்கில் ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு விலங்கு. உங்களுடையது மிக நல்ல ஆண்டு. எங்கள் நாட்டில் பாம்பை, சிறிய டிராகன் என்று மரியாதையாக அழைப்போம். பாம்பு ஆண்டில் பிறந்தவர்கள் அறிவாளிகள். நானும் பாம்பு. என் கணவர் முயல். நாற்பது ஆண்டுகள் என்னிடம் பயந்துகொண்டே வாழ்ந்தார்."

வெங்கடாசலத்தின் முகத்தில் ஆயிரம் சூரியன் உதித்தது. கூரை ஓடுகள் கரகோஷம் செய்தன. ஆனால் அடுத்து அவர் பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

"உங்களுக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன். கார்லயும் அதத்தான் சொல்லிக் காட்றீங்கன்னு..." அவர் என் அக்காவைப் பார்த்தார். "கவிதா ஜாதகத்துல நாகதோஷம்ங்க. வந்தவன்லாம் அதச் சொல்லியே எந்திரிச்சுப் போய்ட்டான். அதனாலதான் ஜாதகமே வேணாம்னேன்."

அக்கா வாயில் கை வைத்தாள். "அய்யோ, எங்க பையனுக்கும் அதேதானுங்களே!"

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க ஏங்க சொல்லல?"

தோஷ ஜாதகத்துக்கு தோஷ ஜாதகத்தைச் சேர்த்தால் தோஷம் இல்லை என்பது இந்த ஜில்லாவில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். இரண்டு வீடும் ஒன்றுக்கொன்று மருந்தை ஒளித்து வைத்திருந்தது. பேச்சையெல்லாம் கைபேசி விடாமல் சீனத்தில் ஒப்பித்துக்கொண்டிருந்ததால், லின் அம்மாளுக்கு ஒரு சந்தேகம். "ஒரே பாம்பை எதற்காக இரண்டு வீட்டிலும் மறைத்தீர்கள்?" என்று கேட்டது கைபேசி. வெங்கடாசலம் கேசரித் தட்டைக் கையில் எடுத்தார். "நல்ல நாளாப் பாருங்க" என்றார். "அந்தம்மா என்னை நீன்னே கூப்புடட்டும். வயசுல பெரியவங்க."

மூன்று மணிக்கு அணைக்குக் கிளம்பியபோது முன் இருக்கையில் அவரும் வந்தார். அணையில் தண்ணீர் ஓரளவு இருந்தது, பொரித்த மீன் நன்றாக இருந்தது. லின் அம்மாளை இரவு எட்டரைக்கு ஹோட்டலில் சேதமின்றிச் சேர்த்தோம்.

இப்படி விருந்தாளி வந்தால் கவனிக்க வேண்டியவை. காலை எட்டுக்குள் எல்லையைத் தாண்டிவிடுங்கள். ஞாயிறு மாலை அத்திப்பள்ளி நெரிசலில் எங்கள் மீசை நரைத்தது. நம் ஊர் ஸ்கேன் பண்ணிக் கட்டும் வழி வெளிநாட்டவருக்குச் சட்டென்று கைகொடுக்காது, சில்லறை நோட்டாக மாற்றிக் கொடுத்துவிடுங்கள். ஒரு பிளாஸ்கில் வெந்நீர் கட்டாயம். வீட்டில் தங்கவைப்பதாக இருந்தால் வெளிநாட்டவருக்கென்று இணையத்தில் பதிவு செய்யும் விதி இருக்கிறது, முன்கூட்டியே விசாரியுங்கள். வணக்கத்தை மட்டும் ஜூஜுவாடிக்கு முன்னாலேயே தமிழில் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

நாடு விட்டு நாடு போவதற்கு விசா, விமானம், முத்திரை எல்லாம் இருக்கிறது, சுலபம். சூளகிரியிலிருந்து குருபரப்பள்ளிக்கு, பத்துப் பதினைந்து கிலோமீட்டர், உள்ளே இருப்பதைச் சொல்லிவிட்டுப் போய்வரத்தான் வழியில்லாமல் இருந்தது. அதற்கு ஒரு சீனத்து அம்மாள் மூன்று விமானம் மாறி வரவேண்டியிருந்தது. மூன்று இல்லை, இரண்டுதான்.

லாரிகள் நின்றதை நம்பாதீர்கள். இளநீர்க்காரர் ஏறியதும், ஓடுகள் கைதட்டியதும் என் கைச்சரக்கு. எங்கள் வீடு தார்சு போட்டது, கான்கிரீட் கூரை; அதில் ஓடே கிடையாது. ஆயிரம் சூரியனும் உதிக்கவில்லை. ஆனால் ஒரு சின்ன விஷயம் நிஜமாகவே நடந்தது. பாம்பு ஆண்டு "மிக நல்ல ஆண்டு" என்று கைபேசி சொன்னதும், வெங்கடாசலம் துண்டை மடித்து மடியில் வைத்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி சொன்னார்:

"இன்னொரு தடவ சொல்லச் சொல்லுங்க."